மூங்கிலைச் சுற்றி ஒரு பள்ளம்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேட்கலாம். கப்பல்கள் பாய் விரித்து ஓடிய காலத்தில், ஒரு கடற்கரைப் பட்டினத்தில் சேந்தன் என்றொரு வணிகன் இருந்தான். கீழ்க்கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தீவில் லாவி என்ற பெண்ணை மணந்து, ஊருக்கு அழைத்து வந்தான்.

தாய்வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது ஈரத்துணியில் சுற்றிய ஒரு மூங்கில் கிழங்கு மட்டும்தான். அதைக் கொல்லையில் நட்டாள். அது ஒரே இடத்தில் புதராக நிற்கும் சாதி அல்ல. மண்ணுக்கடியில் வேர் ஓட்டி, ஓடிய இடமெல்லாம் குருத்து விடும் சாதி. காற்றடித்தால் அதன் இலைகள் அவள் அம்மாவின் முற்றத்தில் கேட்டது போலவே சலசலக்கும். லாவி கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

முதல் மழைக்கு, பக்கத்து வீட்டு நக்கண்ணையின் மஞ்சள் பாத்தியில் குருத்து முளைத்தது. "வெட்டிவிடம்மா" என்றாள் நக்கண்ணை. லாவி மேலே வெட்டினாள்; வேரை விட்டுவிட்டாள்.

இரண்டாம் மழைக்கு, லாவியின் அடுக்களைத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. "பிடுங்கிவிடலாமே" என்றான் சேந்தன். "அங்கிருந்து வந்ததில் எனக்கு வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள்.

மூன்றாம் மழைக்கு, நக்கண்ணையின் கிணற்றுச் சுவர் பிளந்து சரிந்தது. பிளவில் மூங்கில் வேர். குடிநீர் சேறானது.

நக்கண்ணை சண்டைக்கு வரவில்லை. வெறுங்குடத்தோடு வேலியோரம் நின்றாள். "உன் ஏக்கம் தெரிந்துதான் இத்தனை நாள் பொறுத்தேன், லாவி. இனி தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?"

சேந்தன் கடப்பாரையை எடுத்தான். லாவி அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நட்டவள் நான்."

ஒரு வேரைப் பிடித்துத் தோண்டிக்கொண்டே போனாள். நெடுந்தூரம் ஓடியிருந்தாலும், அது இரண்டு சாண் ஆழத்துக்குக் கீழே எங்கும் இறங்கவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வழி தெரிந்தது. முதலில் நட்ட தூரைச் சுற்றி இரண்டு முழ ஆழத்தில் பள்ளம் வெட்டினாள். பள்ளத்துக்கு வெளியே இருந்ததையெல்லாம் வேரோடு அகழ்ந்தாள். சன்னலுக்கு வெளியே உயர்ந்து நின்ற மூங்கில்களும் போயின. அவை விழுந்தபோது அவள் அழுதாள், ஆனால் நிறுத்தவில்லை. சேந்தன் வாங்கித் தந்த நகையை விற்றுக் கிணற்றையும் கட்டிக் கொடுத்தாள்.

அதன்பின் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பள்ளத்தில் இறங்கி, எட்டிப் பார்க்கும் வேரை நறுக்கினாள். எஞ்சிய சிறு புதரின் சத்தம் வீட்டுக்குள் கேட்கவில்லை. அருகில் போய் உட்கார்ந்தால்தான் கேட்டது.

ஒரு மாலை, நக்கண்ணை வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்கள் ஊரில் இந்நேரம் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள்.

இந்தப் பட்டினத்துக்கு வந்த நாள் முதல் லாவியிடம் அதை யாரும் கேட்டதில்லை. விளக்கேற்றும் நேரம் கடந்தும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆகவே நல்லவர்களே, ஏக்கத்தை வேரோடு பிடுங்க வேண்டாம். அது அடுத்தவர் கிணற்றை உடைக்காதபடி எல்லை வெட்டி, ஆண்டுதோறும் காத்து வந்தால் போதும்.