எழுபத்தைந்தில் ஓர் ஏலம்

எழுபத்தொன்பதில் கந்தப்பிள்ளை, ஏல நாளை ஊருக்கு அறிவிக்காமல் நான்கு பேரை மட்டும் கூட்டிவைத்து ஒரு நெல் ஆலையை ஏலம் விட்டார். எண்பத்திரண்டில் வேலாண்டி, விலையை ஏற்றிவிடச் சொந்த மைத்துனனையே கூட்டத்தில் நிறுத்தினார். எண்பத்தாறில் சவரியப்பன், பழுதான மோட்டாரின் வெடிப்பைச் சாக்குப் போட்டு மூடினார்.

அன்று காலை இந்த மூவரின் உரிமமும் பறிபோக இருந்தது. ஏலம் விடுபவருக்கு உரிமம் வேண்டும்; தவறினால் அது போக வேண்டும்; இழந்தவரின் பெயரை ஏலக் கூடத்தில் சாட்சிகள் முன் வாசிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. ஏலம் விடுவோர் சங்கம் இருபத்தாறு ஆண்டுகள் கத்திக் கத்தி வாங்கியது. முன்னால் நின்று கத்தியவர் தலைவர் அம்பலவாணர்.

அவரிடம் தொழில் கற்ற உலகம்மாள் இப்போது சங்கச் செயலாளர். வாசிக்க வேண்டிய பெயர்ப் பட்டியலை அவரிடம் நீட்டினாள்.

“இதை வாசிச்சா ஜனங்க நம்மள நம்புவாங்களா, அய்யா?”

“வருஷ வரிசைப்படிதான எழுதியிருக்க?”

“ஆமா.”

“தப்பு. எழுபத்தஞ்சு விட்டுப்போச்சு.”

உலகம்மாள் சிரித்தாள். “அப்ப நான் ரெண்டாங் கிளாஸ். நீங்கதான் சொல்லணும்.”

“நம்ம துண்டறிக்கையெல்லாம் எதுல அச்சாச்சு?”

“சங்கத்து அச்சு மிஷின்லதான். எழுத்துக் கோத்த மை இன்னும் என் நகத்த விட்டுப் போகல.”

“அது பரிபூரணம் அம்மாளோடது. ஜப்தியாகி ஏலத்துக்கு வந்துச்சு. ஏலம் விட்டவன் நான். விலை கேட்டது நம்ம சங்கத்து ஆளு. ஒரு தரம்னேன். ரெண்டு தரம்னேன். அந்த அம்மா தானும் விலை கேக்கக் கையத் தூக்கிக்கிட்டு வாசல்ல ஓடி வந்தாங்க. பாத்தேன்.”

“அப்புறம்?”

“முகத்தத் திருப்பிக்கிட்டு மூணு தரம்னு சொல்லிட்டேன்.”

உலகம்மாள் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“ஊருக்காகத்தான அய்யா செஞ்சீங்க?”

“அப்படித்தான் இத்தன வருஷமா எனக்கு நானே துண்டறிக்கை போட்டுக்கிட்டிருந்தேன்.”

“அந்த அம்மா?”

“போன ஆவணியில வீடு தேடிப் போனேன். படத்துக்கு மாலை போட்டிருந்தாங்க.”

“வேண்டாம் அய்யா. திருடன் எழுதின சட்டம்னு சிரிப்பானுங்க. உங்க உரிமமும் போயிரும்.”

“மேல ஒரு வரி எழுது.”

அவள் எழுதினாள். இருவரும் ஏலக் கூடத்துக்குப் போனார்கள். சாட்சிகள் மூவரும் வந்திருந்தார்கள்: ஒரு வியாபாரி, டீக்கடை அம்மாள், சுமை தூக்கும் இசக்கி.

“வாசிங்கம்மா, லாரி நிக்குது,” என்றான் இசக்கி. “மொதத் திருடன் யாரு?”

உலகம்மாள் தாளைப் பிரித்து மேல் வரியில் விரலை வைத்தாள்.

அம்பலவாணர் அவள் கையிலிருந்த தாளை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சிதம்பரம் மகன் அம்பலவாணன்,” என்று வாசித்தார்.