நாரை கவ்விய மதகுக் கட்டை

பறவைகள் பேசுவது மனிதருக்கும் புரிந்த அந்தக் காலத்தில், நாரையின் அலகு ஊசிபோல நேராக இருந்தது. மூடினால் நடுவில் ஒரு மயிரிழைகூட நுழையாது. ஏரிக்குள் நின்ற நீர்க்கடம்பில் கூடு கட்டி, மீன் பிடித்துத் தின்று அது வாழ்ந்துவந்தது.

ஒரு வருடம் மழை குறைந்தது. ஏரி பாதிதான் நிறைந்தது. வயலில் நெல் பால் பிடிக்கும் நேரம். "மதகைத் திறந்தால்தான் கதிர் தேறும்" என்றான் சடையன். அவனுடைய அண்ணன் மனைவி அழகம்மைக்கு வயல் கிடையாது. ஏரியில் கோரை அறுத்துப் பாய் முடைபவள் அவள்.

"உங்க நெல்லு விளையறதுக்கு என் கோரை காயணுமா, கொழுந்தனாரே?"

"பாயைத் தின்ன முடியுமா, அண்ணி?"

"நெல்லை விரிச்சுப் படுத்துப் பாருங்களேன்!"

ஊர் கூடியது. திறக்கலாம் என்றவர்கள் ஒரு நெல்மணியையும், வேண்டாம் என்றவர்கள் ஒரு கோரைத் துண்டையும் பானையில் போட்டார்கள். நாரை தயங்கித் தயங்கி வந்தது.

"எனக்கும் ஒரு கோரை கொடுங்க. தண்ணி வத்தினா நரி மரத்தடிக்கே வந்துடும். குஞ்சுங்க இன்னும் பறக்கலை."

"மீன் திருடிக்கு இங்கே என்ன பேச்சு?" என்று சிரித்தார்கள். அழகம்மை தன் கோரைத் துண்டில் பாதியைக் கிள்ளி அதற்குக் கொடுத்தாள்.

பானையைக் கவிழ்த்தபோது நெல்லும் கோரையும் ஏறக்குறையச் சமமாகக் கிடந்தன. அதனால் மதகைத் திறப்பது, கடம்பின் அடி தெரிவதற்குள் அடைத்துவிடுவது என்று முடிவானது.

மதகு என்பது ஒரு கல் துவாரம். அதை அடைக்க ஓர் இலுப்பைக் கட்டை. சடையன் கட்டையைப் பிடுங்கிக் கரையில் வெயிலில் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினான். காலமெல்லாம் நீரில் ஊறிய மரம் அது. அதன்மேல் கொஞ்சம் ஈர வைக்கோலைப் போட அவனுக்கும் தோன்றவில்லை, மற்றவருக்கும் தோன்றவில்லை. வயல் நனைந்ததும் அடைக்க வந்து பார்த்தால், கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

சேர்த்துச் செருகினார்கள். பிளவு வழியாக நீர் சீறியது. இரண்டையும் நெருக்கிப் பிடிக்கக் கல்லிடுக்கில் கை நுழையவில்லை; கட்டக் கயிறு வழுக்கியது. கடம்பின் வேர் தெரியத் தொடங்கியது. எதிர்க்கரையில் நரி வந்து உட்கார்ந்தது.

நாரை பறந்து வந்து அலகை இடுக்கில் நுழைத்தது. கட்டையின் இரண்டு துண்டையும் சேர்த்துக் கவ்வியது. "சீக்கிரம்!" என்று அழகம்மை கத்தினாள். தான் அறுத்து வைத்திருந்த கோரையைக் கட்டுக் கட்டாக எடுத்து வீசினாள். சடையன் அதைக் களிமண்ணோடு குழைத்து அப்பினான். நீர் நிற்கும்வரை நாரை விடவில்லை.

விட்டபோது அதன் அலகு கட்டையின் பருமனுக்கு வளைந்துபோயிருந்தது. நுனி சேர்ந்தது, நடுப்பகுதி சேரவில்லை. பசியோடு மீனைக் கவ்வியது. மீன் நழுவியது.

சடையன் கண் கலங்கினான். "என் வயலில் நத்தை பயிரைக் கடிச்சுத் தள்ளுது, தாயே. அது உன் அலகுக்கு அடங்குதான்னு பாரு."

நத்தை கச்சிதமாக அடங்கியது. நாரை வயிறு நிறையத் தின்றது. கூட்டுக்கும் கொண்டுபோனது.

அன்று முதல்தான் நத்தைகுத்தி நாரைக்கு வாயை மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. குஞ்சில் நேராக இருக்கும் அலகு, வளர்ந்த பிறகே அப்படி வளைகிறது. எவ்வளவு வறண்ட வருடமானாலும் கடம்பின் காலடித் தண்ணீரில் யாரும் கைவைப்பதில்லை. வயலில் நாரை இறங்கினால், வேலை செய்பவர்கள் வரப்பில் ஒதுங்கி அதற்கு வழிவிடுகிறார்கள்.