மேகத்திலிருந்து தொடங்கிய பதில்

முன்னொரு காலத்தில், நேரம் காட்டும் நாழிகை வட்டிலில் நீர்கூடச் சோம்பிச் சொட்டும் ஒரு நாட்டில், இனிய குரல் கேட்டால் கண் சொக்கிவிடும் அரசர் ஒருவர் இருந்தார்.

அவர் சபையில் ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அமைச்சரே ஆனாலும், சபை நடுவில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அன்று அப்படி நின்றவர் நீர்நிலை அமைச்சர் சோமநாதர். குற்றம் சாட்டியவள் கடைமடைக் குடியானவள் வீராயி.

“ஏரி மதகை மூடிட்டு, தண்ணிய இவரு மாந்தோப்புக்குத் திருப்பிட்டாரு சாமி. பால் பிடிக்கிற பயிரு. இன்னும் நாலு நாளு தாங்கும், அவ்வளவுதான்.”

சோமநாதர் கைகூப்பினார். “மதகைச் சொல்லுமுன் ஏரியைச் சொல்ல வேண்டும், அரசே. ஏரியைச் சொல்லுமுன் மேகத்தை...”

தேன் தடவிய குரல். அரசருக்கு மேகம் தெரிந்தது. மேகத்தின்மேல் ஒரு படகு. அதில் அவரே கால் நீட்டிப் படுத்திருந்தார். எங்கிருந்தோ தாழம்பூ மணத்தது. உச்சிப்பொழுதில் சபைக்குள் வந்து மணிக்காரர் சாப்பாட்டு மணியை அடித்தார். படகு கரைந்தது, சபையும் கலைந்தது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் படகுக்குப் பாய்மரம் முளைக்கும் நேரத்தில் யாரோ படாரென்று தும்மினார்கள். பார்த்தால், அரசவை விகடன் பூவராகன்.

“பார்த்தீர்களா, அரசே! நான் பதில் சொல்வது இந்தக் கோமாளிக்குப் பொறுக்கவில்லை. நாளை இவனை வாசலில் நிறுத்துங்கள். நான் ‘முடித்தேன்’ என்று சொல்லும்வரை ஈ எறும்பு உள்ளே வரக்கூடாது. வந்தால் இவனை நாடு கடத்துங்கள்” என்றார் சோமநாதர்.

படகு போன எரிச்சலில் அரசர், “அப்படியே ஆகட்டும்” என்றார்.

“உத்தரவு, பிரபு” என்று பூவராகன் குனிந்து வணங்கினான்.

நான்காம் நாள் மேகம் வந்தது, படகும் வந்தது. ஆனால் அடியில் ஏதோ உறுமிக்கொண்டே இருந்தது. அரசர் விழித்தார். உறுமியது அவர் வயிறு. வெயில் மேற்குச் சாளரத்துக்குப் போயிருந்தது.

“மணி ஏன் அடிக்கவில்லை? சாப்பாடு எங்கே?”

கதவுக்கு வெளியிலிருந்து பூவராகன் குரல் கொடுத்தான். “மணிக்காரர், சமையற்காரர், வத்தக்குழம்பு, எல்லாம் என்னோடுதான் நிற்கின்றன, பிரபு. அமைச்சர் இன்னும் முடிக்கவில்லையே!”

“உள்ளே விடடா!”

“நேற்றுச் சொன்ன அரசர் சொல் இன்று மாறினால் ஊர் சிரிக்காதா, பிரபு?”

கதவிடுக்கு வழியாக நெய் மணம் மட்டும் உத்தரவை மீறி உள்ளே வந்தது. அரசர் சோமநாதர் பக்கம் திரும்பினார். நான்கு நாளில் அவரை முழுக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

“மதகை மூடியது யார்?”

“அதைச் சொல்லுமுன்...”

“யார்?”

தேன் வற்றிவிட்டது. “நான்தான்.”

“தண்ணீர்?”

“என் தோப்புக்கு.” சோமநாதர் கதவுப் பக்கம் திரும்பினார். “முடித்தேன்.”

கதவு திறந்தது. அமைச்சரின் முத்திரை மோதிரத்தை அங்கேயே கழற்றி வாங்கினார் அரசர். “இந்த இரண்டு பதிலுக்கா நான்கு நாள் தூங்கினேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாருக்கும் இலை போட்டார்கள். வீராயி மட்டும் உட்காரவில்லை.

“மதகு இன்னும் மூடித்தான் கெடக்கு சாமி. பயிரு குடிக்கட்டும், பொறவு நாங்க சாப்பிடறோம்.”

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டு அரசர் எழுந்தார். “நட தாயே” என்று ஏரிக்கரைக்குப் போய், மதகுப் பலகையைத் தம் கையாலேயே தூக்கினார். தண்ணீர் கடைமடை நோக்கி ஓடியது. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி, கூடவே வந்திருந்த பூவராகனுக்குப் போட்டு, அவனை இறுக அணைத்துக்கொண்டார்.

மொறுமொறுவென்று ஏதோ நொறுங்கியது. வரும்போது பூவராகன் மடியில் செருகிவந்த நாலு அப்பளம்.

“பசிக்குமே, பிரபு” என்றான் அவன்.

அரசர் ஏரிக்கரையே அதிரச் சிரித்தார். பிறகு ஒரு துண்டுக்குக் கை நீட்டினார்.