மோர்ச்செம்பு வைத்த இடம்

மின்சாரம் துளியும் வீணாகாத புதுக் கேபிளுக்கு வெட்டவெளியில் சோதனை நடந்தது. தூண்கள் மேல் கடுங்குளிர்த் திரவம் ஓடும் அரை மைல் குழாய்க்குள் கேபிள் கிடந்தது. எங்கோ குளிர் கசிந்தது. ஏழு எஞ்சினியர்கள் தேடியும் இடம் அகப்படவில்லை.

பெருக்குகிற மாடத்தி கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தலைமைப் பொறியாளர் வேதநாயகம் குதித்தார்: "மேலிடத்துக் குழு வர்றதுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா ஒருத்தருக்கும் இங்க வேலை கிடையாது!"

"பதினாலாவது தூணுகிட்ட பாருங்கய்யா" என்றாள் மாடத்தி.

"நீ எந்தக் காலேஜும்மா?" என்று கிண்டலடித்தார் அவர்.

வேறு வழியில்லாமல் அங்கே குழாய் மேலிருந்த தகர மூடியைக் கழற்றினார்கள். குழாயில் வெண்பனி பூத்திருந்தது.

"எப்படித் தெரியும்?" என்றார் வேதநாயகம்.

"மோர்ச்செம்பை அந்தத் தகரத்து மேலதான் வைப்பேன். மூணு நாளா 'ஆகா, என்ன ஜில்லு'ன்னு ரெண்டு ரெண்டு டம்ளரா குடிச்சது யாருய்யா? கசிஞ்ச குளிர்ல பாதி உங்க வயித்துலதான் இருக்கு!"