தெய்வசிகாமணி வீட்டு மரத்தரை

உடுமலைப்பேட்டையில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். பெரியவர் தெய்வசிகாமணி, அடுத்தவர் மயில்சாமி, சின்னவர் குழந்தைவேலு. ஊரில் இவர்கள் அண்டா போகாத கல்யாணம் கிடையாது. ஆனால் முப்பத்தொன்பது வயதாகியும் பெரியவருக்கே ஒரு பெண் அமையவில்லை. வாயைத் திறக்கும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போகும்.

கடைசியில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இவரைப் பிடித்துப்போனது. பெயர் தமயந்தி. ஒரு நாள் போனில் சொன்னாள்: "எனக்குச் சிமெண்ட் தரை ஆகாதுங்க. கால் சில்லுன்னு ஆயிருது. மரத்தரைன்னா கதகதன்னு இருக்கும்."

அவள் அப்பா நாச்சிமுத்து வீடு பார்க்க வருவதற்குப் பத்து நாள் இருந்தது. மூவரும் கோயமுத்தூருக்கு ஓடினார்கள். மரக்கடைக்காரர் பலகைகளைக் காட்டிவிட்டு, "ஆள் அனுப்பட்டுங்களா, நீங்களே வேலையப் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, ஹாலில் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நமக்கு இந்த வேல தெரியாதுங்ண்ணா. ஆள் வெச்சுக்கலாம்" என்றார் குழந்தைவேலு.

"பொறந்ததுலருந்து தரைலதான்டா கெடக்கறோம். அதுல தெரியாதது என்ன இருக்குது?" என்றார் மயில்சாமி.

"அது சிமெண்ட் தரைங்ண்ணா. மரத்துல பழக்கம் இல்லியே."

"ஏன், நீ கொய்யா மரத்துலருந்து விழுந்தவன்தான?"

"விழுந்தது தரைலங்ண்ணா."

"அப்ப ரெண்டுலயும் அனுபவம் இருக்குது."

குழந்தைவேலு அசரவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆள் வேண்டும் என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. தெய்வசிகாமணி நியாயமான மனிதர். "எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அந்தப் பக்கம் என் ஓட்டு" என்று சொல்லிவிட்டார். நான்கு தடவை எண்ணியும் எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. ஐந்தாவது தடவை எண்ணும்போது குழந்தைவேலு சாப்பிடப் போயிருந்தார். முடிவு உடனே வந்துவிட்டது.

கடைக்காரர் போனிலேயே விளக்கினார். "ஹாலை ரெண்டு தடவ அளந்துக்குங்க. மரம் வந்ததும் மூணு நாள் அங்கியே விடுங்க, வீட்டுக்குப் பழகணும். ஆணியே வேண்டாம், பலகைக்குள்ள பலகைய மாட்டிக்கிட்டே போனாப் போதும்."

ஹாலை இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டையும் கூட்டி மரம் வாங்கினார்கள்.

வந்து இறங்கிய மரத்தைப் பழக்கும் பொறுப்பு குழந்தைவேலுவிடம் கொடுக்கப்பட்டது. தோற்ற கட்சியென்றாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பலகையாகத் தோளில் தூக்கிக்கொண்டு, "இது சமையக்கட்டு, இது பூஜை ரூம், இந்தக் குழாய் மட்டும் ஒழுகும்" என்று வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஃபேனை மரத்துக்குப் போட்டுவிட்டு மூவரும் பாத்திரக் குடோனில் தங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மயில்சாமி ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, "வந்தன்னைக்கு இருந்த வெறப்பு இல்ல. பழகிருச்சு" என்றார்.

வேலை ஆரம்பித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், தரை நன்றாகவே அமைந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஹால் முழுக்க மரம். பாதி பலகைகள் மீதி.

"கடையில திருப்பிக் குடுத்தரலாங்ண்ணா" என்றார் குழந்தைவேலு.

பெரியவருக்கு முகம் சுருங்கியது. "வீட்டுக்குப் பழகுன மரத்த வெளிய அனுப்பறதா? மனசு வருமாடா உனக்கு?"

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், போகிற வருகிறவர்கள் கண் படக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, தரைமேல் இன்னொரு தரை போட்டார்கள். கடைசிப் பலகை மாட்டி முடித்த நேரத்தில் வாசலில் நாச்சிமுத்துவின் கார் வந்து நின்றது. கதவை இழுத்தார்கள். அசையவில்லை. அது உள்பக்கம் திறக்கிற கதவு. அதற்குக் கீழே இருந்த இடைவெளியையும் புதுத் தரை அடைத்துக்கொண்டிருந்தது. பின்கதவுக்கும் அதே கதி.

நாச்சிமுத்து ஜன்னலுக்கு வந்தார். "ஏனுங் மாப்ள, இந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்குமுங்க?"

"நேத்து வரைக்கும் உள்பக்கமுங்க மாமா. இன்னைக்கு எந்தப் பக்கமும் இல்லீங்க."

இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்றே தெய்வசிகாமணி நினைத்தார். நாச்சிமுத்து கதவை நான்கு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "திருட்டு பயமே இல்ல" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்பாவோடு காரில் வந்திருந்த தமயந்தியும் ஜன்னலோரம் வந்தாள். "தரை கதகதன்னு இருக்குதுங்களா?"

"நின்னு பாருங்க" என்று ஒரு பலகையைக் கழற்றி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே கொடுத்தார் பெரியவர். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் அதைப் போட்டு ஏறி நின்றாள். "நல்லாருக்குதுங்க. நடந்து பாக்கத்தான் பத்தல."

இரண்டாவது பலகை போனது. மூன்றாவது போனது. அவள் கேட் வரை நடந்து, திரும்பி வந்து, துளசிமாடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தபோது உள்ளே ஒரு பலகைகூட இல்லை. கதவு சுலபமாகத் திறந்துகொண்டது.

நாச்சிமுத்து உள்ளே வந்து காலை வைத்தார். "மரத்தரைன்னு சொன்னாங்களே?"

"இருக்குதுங்க மாமா. வாசல்ல."

இப்போது யோசனைக் கூட்டத்தில் ஐந்து பேர். தரையை உள்ளே போட்டால் ஆள் வெளியே போக முடியாது. வெளியே போட்டால் உள்ளே கால் சில்லிடும். மயில்சாமி கதவை எடுத்துவிடலாம் என்றார். நாச்சிமுத்து, திருட்டு பயம் வந்துவிடும் என்று மறுத்தார்.

தமயந்திதான் பேசினாள். "நான் ஹால் பூராவும் ஒரே நேரத்துலயா நடக்கப் போறேன்? கால் இருக்கற எடத்துல தரை இருந்தாப் போதாதுங்களா?"

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வீட்டுக்கென்றே பிறந்த பெண் இவள்தான் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்தது. மயில்சாமி எழுந்து போய் ரம்பத்தை எடுத்து வந்தார்.

எல்லாப் பலகைகளையும் கால் அளவுக்கு அறுத்து, மேலே வார் அடித்தார்கள். வைகாசியில் அந்த வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆளுக்கு இரண்டு தரையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். டக்டக்கென்ற சத்தத்தில் நாதஸ்வரம் வாசித்ததே யாருக்கும் தெரியவில்லை.

கடைசிப் பந்தி முடிந்து பார்த்தால் குழந்தைவேலுவின் இடது கால் தரையைக் காணோம். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"எங்க வீட்டுத் தரைய யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

ஏட்டையா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிலத் தகராறெல்லாம் தாலுகா ஆபீசுக்குப் போ."

குழந்தைவேலு போனார். அங்கே சர்வேயர் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, காணாமல் போன தரைக்கு நான்கு எல்லையையும் சொல்லச் சொன்னார்.

"வடக்க விரலுங்க, தெக்க குதிங்காலுங்க" என்றார் குழந்தைவேலு. "நான் திரும்பி நின்னா மாறிருமுங்க."