தும்பிக்கைக்கு இடம் விட்டுத் தைத்த சாக்கு

கப்பலுக்கு வழி சொல்ல நட்சத்திரமும், மனிதனுக்கு வழி சொல்ல அடுத்த வீட்டுக்காரனும் மட்டுமே இருந்த காலம் அது. கேளுங்கள், அந்தக் காலத்தில் வெண்மணற்பட்டினம் என்றொரு துறைமுக ஊர். அங்கே கற்பகநாதன் என்றொருவன் செக்காட்டி எண்ணெய் விற்று வந்தான்.

ஊரில் மூன்று இடங்களில் அவனுடைய எண்ணெய் எரிந்தது. பிள்ளையார் கோயிலில் எரிந்தது, பள்ளிவாசலில் எரிந்தது, மாதா கோயிலில் எரிந்தது. மூன்று விளக்கிலும் எரிந்தது ஒரே வயலில் விளைந்த எள்தான்.

அவனுக்கு நண்பர்கள் இரண்டு பேர். ஒருவன் மீராலெப்பை, கப்பலுக்குப் பாய் தைப்பவன். இன்னொருவன் சந்தியாகு, கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவன். மாலை வந்தால் மூவரும் செக்கடியில் உட்கார்ந்து, சூடு ஆறாத எள்ளுப் பிண்ணாக்கில் கருப்பட்டியை உடைத்துப் போட்டுத் தின்பார்கள். ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். சண்டையும் போடுவார்கள், பெரும்பாலும் கருப்பட்டிக்காகத்தான்.

செக்கடிச் சுவரில் ஒரு மாடம். அந்த மாடத்தில் முழ உயரத்தில் ஒரு கல் பிள்ளையார். கற்பகநாதன் காலையில் அவருக்கு வெல்லம் படைத்துவிட்டு, அதில் முதல் துண்டைச் செக்குமாட்டுக்குக் கொடுப்பான். அது தின்ற பிறகுதான் செக்கு சுற்றும். மாட்டுக்கு அதுதான் பூஜை, அதுதான் சம்பளம், அதுதான் மரியாதை.

இப்படி இருக்கையில் கற்பகநாதனின் ஒரே தம்பி தில்லைநாயகம் கப்பலேறிக் கடாரத்துக்குப் போனான். தாய் தகப்பன் இல்லாத தம்பி. தோளில் போட்டு வளர்த்த தம்பி. அவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கற்பகநாதன் பிள்ளையாருக்கு மூன்று நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டான். நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பது ஒன்று, ஆயிரத்தெட்டுக் கொழுக்கட்டை படைப்பது ஒன்று, பத்தாயிரத்தெட்டுத் தோப்புக்கரணம் போடுவது ஒன்று.

உலகத்தில் எல்லோரும் காரியம் முடிந்த பிறகு நேர்த்திக்கடன் செய்வார்கள். இந்த மகராசன் அவசரக்காரன். எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து முடித்துவிட்டான். ஊரில் ஒரு மாதம் எல்லோர் வீட்டிலும் தேங்காய்ச் சட்னி. தோப்புக்கரணம் முடிந்தபோது அவன் முழங்கால் இரண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டன. அதன் பிறகு உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

தை மாதம் வர வேண்டிய கப்பல் வரவில்லை. மாசியிலும் வரவில்லை. பங்குனியில் தம்பி கொண்டுபோன எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று மட்டும் தனியாகக் கரை ஒதுங்கியது.

கற்பகநாதன் அழவில்லை. நேராக மாடத்துக்குப் போனான். பிள்ளையாரைக் கண்ணுக்குக் கண் பார்த்தான்.

"தேங்காய் வாங்கிக்கிட்டே, கொழுக்கட்டை வாங்கிக்கிட்டே, என் முழங்காலையும் வாங்கிக்கிட்டே. என் தம்பியை மட்டும் தரலை. இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது" என்றான்.

கோபத்தில் கனமே தெரியாமல் அவரைத் தூக்கி மாட்டுவண்டியில் வைத்து, இரண்டு கல் தொலைவில் இருந்த புங்கங்குளத்துக்கு ஓட்டிப்போய், குளத்தங்கரையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தவனால் சும்மா இருக்க முடியவில்லை. நாற்பது வருஷம் கும்பிட்ட கை அல்லவா? மறுநாள் மீராலெப்பையிடம் போனான்.

"மச்சான், எனக்குச் சாமி இல்லை. உங்க பள்ளிவாசலுக்கு நானும் வரட்டுமா?"

மீராலெப்பை ஊசியைக் கீழே வைத்தான். "அன்போட வந்தா கதவு எப்பவும் திறந்திருக்கும் மச்சான். நீ பிள்ளையார் மேல உள்ள கோவத்துல வர்றே. கோவம் ஆறட்டும், அப்புறம் பேசலாம்."

சந்தியாகுவிடம் போனான். அவனும் தலையை ஆட்டினான். "ஒரு இடத்துல சண்டை போட்டுட்டு இன்னொரு இடத்துக்குப் போனா, அங்கயும் பழைய இடத்தைப் பத்திக் கோள்தான் சொல்லுவே. மாதா பாவம், அவங்களுக்கு ஏற்கெனவே எத்தனையோ பேரு கவலை."

மூன்றாவதாகப் போக அவனுக்கு ஆள் இல்லை. செக்கடியில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழ முடியாததால் அங்கேயே இருந்தான்.

செக்குமாடோ ஒவ்வொரு சுற்றிலும் காலி மாடத்துக்கு எதிரே வந்ததும் நின்றது. மாடத்தைப் பார்க்கும், கற்பகநாதனைப் பார்க்கும், பெருமூச்சு விடும். அதட்டினால் நாலடி நடந்து, மறுபடி சுற்றி வந்து நிற்கும். ஒரு படி எண்ணெய் இறங்க ஒரு வாரம் ஆனது. கற்பகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. பிண்ணாக்கும் இறங்கவில்லை. ஆள் விளக்குத்திரி மாதிரி இளைத்துப் போனான். நண்பர்கள் வந்து வந்து பார்த்துவிட்டு, கருப்பட்டியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். கருப்பட்டிக்குச் சண்டை போடாத நண்பர்களைப் பார்க்க அவனுக்கே பயமாக இருந்தது.

ஒரு நாள் உச்சிப்பொழுது. உப்பு விற்கும் காளியாயி கூடையோடு ஓடிவந்தாள்.

"எண்ணெய்க்கார அண்ணே! உங்க சேக்காளி ரெண்டு பேரும் புங்கங்குளத்துல பிள்ளையாரைத் திருடி மாட்டிக்கிட்டாங்க!"

கற்பகநாதன் காதைத் தேய்த்துக்கொண்டான். "யாரு? எதைத் திருடினாங்க?"

"லெப்பை அண்ணனும் சந்தியாகு அண்ணனும். பிள்ளையாரைத்தான். ஊரே கூடிருச்சு. ஆயுசுக்கும் அங்கயே வச்சுக்கிடப் போறாங்களாம்!"

எழ முடியாதவன் எழுந்தான். எப்படி எழுந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள், அவனுக்கே தெரியாது. மாட்டைச் செக்கிலிருந்து அவிழ்த்து வண்டியில் பூட்டினான். பல வருஷமாக வட்டமாகவே நடந்து பழகிய மாடு, அன்றைக்கு வழியில் மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் புங்கங்குளம் சேர்ந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருடிக்கொண்டு வந்த பிள்ளையாருக்குச் சக்தி அதிகம் என்பார்கள். அதனால் பிள்ளையாரைத் திருடுவது குற்றமில்லை. ஆனால் முறை இருக்கிறது. திருடுகிறவன் முதலில் தலையில் குட்டிக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட வேண்டும். போட்டுவிட்டு எடுத்தால் அவன் பக்தன். ஊரே மாலை போட்டு வழியனுப்பும். போடாமல் எடுத்தால் அவன் வெறும் கல்திருடன். அந்தப் பிள்ளையாருக்கே ஆயுள் முழுக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும்.

கரையில் கிடந்த பிள்ளையாரைப் புங்கங்குளத்தார் அரசமரத்தடியில் வைத்து, காவலுக்கும் ஆள் போட்டிருந்தார்கள். அங்கேதான் ஊர் கூடியிருந்தது. ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் அம்பலக்காரர் நடுவில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பிள்ளையார், கழுத்துவரை ஒரு சாக்குக்குள். வெறும் சாக்கா அது? கப்பற்பாய்த் துணியில், தும்பிக்கைக்குத் தனியாக இடம் விட்டு, இரட்டைத் தையல் போட்ட சாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் மீராலெப்பையும் சந்தியாகுவும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

காவல்காரர் சொக்கப்பன் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். "நான் சாப்பிட்டுட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன் சாமி. தூங்கலை. இந்த லெப்பை வந்து பிள்ளையாருக்கு அளவெடுத்து, அங்கயே உக்காந்து சாக்கு தச்சாரு. 'தொப்பையைப் பிடி'ன்னாரு. இந்தச் சங்குக்காரரு 'தொப்பையைப் பிடிச்சா மரியாதை இல்லை, பீடத்தைப் பிடி'ன்னாரு. அரை நாழிகை இதே பேச்சு. ரெண்டு பேருமாச் சாய்ச்சுச் சாக்குக்குள்ள தள்ளினாங்க. அப்புறம் சங்குக்காரர் தூக்கினாரு. அசையலை."

"தண்ணிக்குள்ள தூக்கித்தான் எனக்குப் பழக்கம். அங்க எல்லாம் லேசா இருக்கும்" என்று சந்தியாகு முணுமுணுத்தான்.

"தோப்புக்கரணம் போட்டாங்களா?" என்று அம்பலக்காரர் கேட்டார்.

"அதான் இல்லை சாமி. 'போட்டுட்டு எடுங்கப்பா, நான் தூங்குற மாதிரியே இருக்கேன்'னு கண்ணை மூடிக்கிட்டே சொன்னேன். கேக்கலை."

அம்பலக்காரர் இளகிய மனசுக்காரர். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. ஆளுக்கு மூணு போடுங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

மீராலெப்பை நிமிர்ந்தான். "மன்னிக்கணும் ஐயா. அல்லாவைத் தவிர வேற எதுக்கு முன்னாலயும் நான் பணிய மாட்டேன். வேணும்னா தண்ணி சுமக்கறேன்."

"எனக்கும் கர்த்தர் ஒருத்தர்தான். நானும் சுமக்கறேன்" என்றான் சந்தியாகு.

அம்பலக்காரருக்குத் தலை சுற்றியது. "அட, கும்பிடாத சாமியை எதுக்கய்யா திருடினீங்க?"

"நாங்க நம்பலை, எங்க மச்சான் நம்பினான்" என்றான் மீராலெப்பை. "நாப்பது வருஷமா நம்பினான். இப்ப அது இல்லாம ஆளே கரைஞ்சு போறான். நாங்க சொன்னா கேக்க மாட்டான். திருடின பிள்ளையாருக்குச் சக்தி அதிகம்னு அவன்தான் எங்களுக்குச் சின்ன வயசுல சொன்னான். அதான் வந்தோம்."

"மூணு வாரமா நான் மாதாகிட்ட இவன் பிள்ளையாரைப் பத்தித்தான் பேசறேன். என் வேண்டுதல் எல்லாம் அப்படியே கிடக்கு" என்றான் சந்தியாகு.

கூட்டத்தின் பின்னால் நின்று கற்பகநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு தம்பி கடலோடு போனான். இப்போது இரண்டு பேர் குளத்தங்கரையோடு போகப் போகிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"இவங்களுக்காக நான் போடலாமா?" என்று கேட்டான்.

அம்பலக்காரர் தாடியைத் தடவினார். இப்படி ஒரு வழக்கு அவர் பாட்டன் காலத்திலும் வந்ததில்லை. "போடலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு போதும். ஆனா மூணும் மனசறிஞ்சு போடணும். ஒவ்வொண்ணும் யாருக்குன்னு சொல்லிப் போடணும்" என்றார்.

பேச்சு கிடையாது என்று சொன்னவன் பிள்ளையாருக்கு எதிரே போய் நின்றான். காதைப் பிடித்தான். முழங்கால் கடகடவென்றது.

"இது மீராலெப்பைக்கு" என்று உட்கார்ந்து எழுந்தான்.

"இது சந்தியாகுவுக்கு" என்று உட்கார்ந்து எழுந்தான்.

மூன்றாவதற்கு உட்கார்ந்தான். பெயர் சொல்ல வாயைத் திறந்தான். நண்பர்கள் இரண்டு பேர்தானே, மூன்றாவது யாருக்கு? அங்கேயே முழங்கால் பூட்டிக்கொண்டது. காதைப் பிடித்தபடி குந்தியிருக்கிறான், எழ முடியவில்லை. அவன் முகத்துக்கு நேரே பிள்ளையார் முகம், சாக்குக்கு வெளியே.

"இது தில்லைநாயகத்துக்கு" என்றான். சொன்னதும் பங்குனியிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்துவிட்டது.

"ஏன்யா கொண்டு வரலை? நீச்சல் தெரியாதவன்யா அவன்! உனக்கு என்ன குறை வச்சேன்? ஒரு கையாவது நீட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டான், அழுதான், திட்டினான். வெயில் சாயும்வரை திட்டினான். அம்பலக்காரர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையார் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

திட்டித் திட்டித் தொண்டை வற்றிய பிறகுதான் கற்பகநாதனுக்கு ஒன்று உறைத்தது. அங்கே இல்லாத ஒருவரிடம் யாராவது இவ்வளவு நேரம் சண்டை போடுவார்களா? அவர் அங்கேதான் இருந்தார். இவன்தான் போயிருந்தான்.

தம்பி வரவில்லை. வரவும் மாட்டான். அந்தத் துக்கம் துக்கமாகவே இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க ஓர் இடம் மறுபடி கிடைத்துவிட்டது.

"எந்திரிக்க முடியலை" என்றான் மெதுவாக.

மீராலெப்பை ஒரு கக்கத்தில் கை கொடுத்தான், சந்தியாகு மறு கக்கத்தில் கை கொடுத்தான். மூன்றாவது தோப்புக்கரணம் அப்படித்தான் நிறைவேறியது. செல்லும் என்று அம்பலக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

பிள்ளையாரைச் சாக்கோடு வண்டியில் ஏற்றினார்கள். புங்கங்குளத்தார் மாலை போட்டார்கள். அம்பலக்காரர் மட்டும் வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து வந்து, "இப்ப இவருக்குச் சக்தி ரெண்டு மடங்கு. அடுத்த வருஷம் நாங்க வந்து திருடிக்குவோம். அந்தச் சாக்கைப் பத்திரமா வச்சிருங்க" என்று காதோடு காதாகச் சொன்னார்.

மறுநாள் காலை மாடத்தில் பிள்ளையார் இருந்தார். வெல்லத்தின் முதல் துண்டைத் தின்ற மாடு நிற்காமல் சுற்றியது. அன்று மாலை பிள்ளையார் கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் விளக்கு நன்றாக எரிந்தது. செக்கடியில் மூன்று பேர் உட்கார்ந்து கருப்பட்டிக்குச் சண்டை போட்டார்கள்.

ஆகவே கேட்டவர்களே, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தன் நம்பிக்கையை விடாமல் பிடித்திருக்கிறவனே, நண்பன் கைநழுவ விட்ட நம்பிக்கையையும் எடுத்துவந்து அவன் கையில் கொடுப்பான்.