பச்சை மையில் ஒரு அனுமதி

ஏரியில் கழிவைக் கலப்பது பல்கலைக்கழகமேதான் என்று ஆராய்ந்து சொன்ன பேராசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். அதைக் கண்டித்து வாசலில் நின்று பேசியவர் ஒரே ஒருவர், கௌரவ விரிவுரையாளர் பூங்கோதை.

துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார். "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க முன்னால, பேசினது தப்புன்னு சொல்லணும். இல்லேன்னா வேலை கிடையாது."

"பேசறேன் சார். ஆனா எழுத்துல அனுமதி இல்லாம யாரும் பத்திரிகைகிட்ட பேசக்கூடாதுன்னு உங்க சுற்றறிக்கை இருக்கே?"

உடனே பச்சை மையில் எழுதிக் கொடுத்தார்: 'ஏரி விவகாரம் பற்றிப் பேசப் பூங்கோதையை அனுமதிக்கிறேன்.'

மறுநாள் பூங்கோதை அதை வாசித்துக் காட்டிவிட்டு, வாசலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். துணைவேந்தருக்கு முகம் செத்துப்போனது. கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பது ஆசிரியர்களும் தரையைப் பார்த்தார்கள்.

கேன்டீனில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்த பூங்கோதையிடம் அந்த ஆசிரியர்களில் ஒருவர் வந்து கிசுகிசுத்தார்: "எங்களுக்கும் சேர்த்து அனுமதி வாங்கியிருந்தா நாங்களும் பேசியிருப்போமே, மேடம்."

"கேட்டிருப்பேன் சார். யார் பேரை எழுதச் சொல்றதுன்னுதான் தெரியலை."